தகைவிலான் எங்கே போனது?

மாலை நடை போகிறவர்கள் அக்டோபருக்குப் பிறகு கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பியில் வரிசையாக, கவட்டை போலப் பிளந்த வாலுடன் சிறு பறவைகள் உட்கார்ந்திருக்கும். தகைவிலான் என்று பெயர். வடக்கேயிருந்து குளிருக்குத் தப்பி நம்மிடம் வருபவை. இதே இனம் இங்கிலாந்துக்கு ஏப்ரலில் வந்து, குளிருக்கு முன் காணாமல் போய்விடும். அங்கிருந்து எங்கே போகிறது என்ற கேள்வியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர்தான் கில்பர்ட் ஒயிட்.

1720-இல் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் (செல்போன் அல்ல!) கிராமத்தில், பாதிரியாரான தாத்தாவின் வீட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். ஊர்க் கோயிலில் கடைசிவரை துணைப் பாதிரியார்தான். பெரிய பதவி வேறு கல்லூரியின் கையில் இருந்ததால் இவருக்குக் கிடைக்கவில்லை. பிரமோஷன் இல்லாமல் ரிட்டயர் ஆன நம்மில் சிலருக்கு இது புரியும். திருமணமும் செய்துகொள்ளவில்லை. கோச் வண்டியில் ஏறினால் குமட்டல் வரும், குதிரையில்தான் பயணம்.

1768 முதல் அச்சடித்த கட்டங்கள் உள்ள நாட்குறிப்பில் தினமும் பதிவு செய்தார். வெப்பம், காற்று, மழை, எந்தப் பூ மலர்ந்தது, எந்தப் பறவை முதலில் வந்தது என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். லெட்ஜரேதான்! இறக்கும் வரை 25 ஆண்டுகள் எழுதினார். ஒன்றுபோலத் தெரிந்த கதிர்க்குருவிகளைப் பாட்டைக் கேட்டே மூன்று இனங்களாகப் பிரித்தவரும் இவர்தான்.

தகைவிலான் மட்டும் பிடிபடவில்லை. அக்காலத்தில் பலர், அது குளத்தடியிலோ பொந்திலோ குளிர்காலம் முழுதும் தூங்குகிறது என்று நம்பினார்கள். இவர் கடிதம் எழுதிவந்த பாரிங்டன் என்ற வழக்கறிஞரும் வலசையை நம்பாதவர். ஆனால் ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜானோ, பறவைகள் கூட்டமாகக் கடலைக் கடப்பதைப் பார்த்து எழுதினார். போகின்றன என்று ஒயிட்டும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் எல்லாமா போகின்றன? பல நாள் காணாத குருவி நவம்பரில் ஒரு வெயில் நாளில் திடீரெனத் தலைகாட்டுகிறதே, அது அருகில் ஒளிந்திருந்ததுதானே? ஆள் வைத்துப் புதர்களிலும் பொந்துகளிலும் தேடச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை.

அவர் தோட்டத்திலேயே டிமோத்தி என்ற ஆமை குளிர்காலத்தில் மண்ணுக்குள் புதைந்து தூங்கியது. ஆமைக்கு முடிவது குருவிக்கு ஏன் முடியாது என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதிசயமில்லை. (அதன் காதருகே ஒலிகுழலில் கத்தியும் பார்த்தார், ஆமை அசையவில்லை. ஆண் என்று நினைத்த அது பெண் என்பது பிறகு தெரிந்தது.)

எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். தனக்கு ஆசையான முடிவு ஒன்று இருந்தும், வவுச்சர் இல்லாமல் அதைக் கணக்கில் ஏற்றவில்லை. சஸ்பென்ஸ் கணக்கிலேயே வைத்திருந்தார். லண்டனில் பதிப்பாளராக இருந்த தம்பி பெஞ்சமின் 1789-இல் அச்சிட்ட புத்தகத்திலும் அந்தச் சந்தேகம் அப்படியே இருக்கிறது. அந்தப் புத்தகம் இன்றுவரை விற்பனையில் உள்ளது.

1793 ஜூனில் ஒயிட் காலமானார். செல்போர்ன் கல்லறைத் தோட்டத்தில், பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும் பொறித்த சிறிய கல்லின் கீழ் இருக்கிறார்.

1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒருவர் ஒரு தகைவிலானின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிவிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் அந்தப் பறவை பிடிபட்டது, வளையத்தோடு.