மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

குழந்தைக்கு வீடே அரண். வெளியார் எவரேனும் அச்சுறுத்தின் குழந்தை வீட்டினுள் ஓடி, தாயின் பின்னே மறைந்துகொள்ளும். ஆனால், தீங்கு அவ்வீட்டினுள்ளிருந்தே தோன்றுமாயின், அக்குழந்தை எங்கே ஓடுதல் கூடும்? இவ்வினாவுக்குத் தன் வாழ்நாள் முழுவதும் விடை தேடினாள் ஒரு சிறுமி. தான் கண்ட விடையைப் பின்னாளில் மேடைகளில் முழங்கினாள். ஒரு நாவலாகவும் எழுதி நாட்டுக்கு அளித்தாள். அச்சிறுமியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எனத் தமிழகம் போற்றும் பெருமாட்டி ஆவார்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிருஷ்ணசாமி, தாயார் சின்னம்மாள். அக்குடும்பத்தை வறுமை வாட்டியது. மனைவி மக்களைப் பேணுதற்கு வழி காணாத தந்தையார் ஊரைவிட்டே சென்றார். சிறுமி இராமாமிர்தம் ஏறத்தாழ ஐந்து வயதினளாய் இருந்தபோது, தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்டாள். அவளுக்குக் கிடைத்த விலை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையுமே என்பர். வறுமை மட்டுமன்று, உறவினரின் வற்புறுத்தலும் தம் பெற்றோரை இவ்வாறு செய்யத் தூண்டியது என்பதை அம்மையாரே பின்னாளில் எழுதியுள்ளார். மாயவரம் என அந்நாளில் வழங்கிய மயிலாடுதுறையை அடுத்துள்ள மூவலூரில் அவர் வளர்ந்தார். அவ்வூர்ப்பெயரே அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று.

தேவதாசி முறை என்பது யாது? பண்டைக் காலத்தில் கோயில்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்தி இறைபணி செய்யும் மகளிர் இருந்தனர். அவர்களுக்குக் கோயில் நிலங்கள் மானியமாக அளிக்கப்பட்டன. இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்களே. ஆயினும், நாளடைவில் அம்முறை சீர்கெட்டது. சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டும் சடங்கு நிகழ்த்தி, இறைவனுக்கு உரியவர் எனக் கூறிவிடுவர். அதன்பின் அவர்கள் திருமணம் செய்துகொள்ளுதல் இயலாது. செல்வர்களின் விருப்பத்திற்கு உட்பட்டு வாழ்தலே அவர்தம் விதியாக முடிந்தது. குடும்பத்தில் ஒரு பெண்ணேனும் பொட்டுக் கட்டிக்கொண்டால்தான் மானிய நிலம் கைவிட்டுப் போகாது. ஆதலின், பெண்மக்கள் இல்லாத தாசியர் ஏழைக் குடும்பத்துச் சிறுமியரை விலைக்கு வாங்கி வளர்த்தனர். முதுமையில் தமக்குச் சோறிடும் கை அச்சிறுமியின் கையே என அவர்கள் கருதினர். வாங்கியவரையே தாய் என அழைத்து அச்சிறுமியர் வளர்ந்தனர். இவ்வாறு விற்பனைக்கு வளர்ப்பு என்றும், அடிமைத்தனத்திற்கு உறவு என்றும் பெயர் வழங்கிற்று. விலங்கு பூட்டப்பட்டவர் அதனை விலங்கென்றே அறியாதபடி செய்தது இப்பெயர் மாற்றமே ஆகும்.

சிறுமி இராமாமிர்தம் இசையும் நடனமும் தமிழும் கற்றாள். கலைக் கல்வி அவளைத் தாசி வாழ்வுக்கு ஆயத்தப்படுத்தும் பொருட்டே அளிக்கப்பட்டது. ஆனால், அறிவு, அளித்தவர் எண்ணத்தின்படி மட்டும் நடப்பதன்று. தன்னைச் சுற்றி நடப்பன எவை, அவை எவர் நன்மைக்காக நடக்கின்றன என்று அவள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். அவள் வயது வந்த பெண்ணானதும், முதியவர் ஒருவரிடம் அவளை ஒப்படைக்க வீட்டார் முயன்றனர். அம்மையார் அதற்கு இணங்கவில்லை. தமக்கு இசை கற்பித்த ஆசிரியர் சுயம்பு பிள்ளையைத் தாமே விரும்பி மணந்து, இல்லற வாழ்வில் புகுந்தார். திருமணம் என்னும் உரிமையே மறுக்கப்பட்ட ஒரு பெண் அக்காலத்தில் இங்ஙனம் செய்தது பெருந்துணிவாகும். உற்றாரும் ஊராரும் அவரைப் பகைத்தனர். அவர் அப்பகைக்கு அஞ்சினாரல்லர்.

தாம் மட்டும் தப்பியது போதும் என அம்மையார் அமைதியுறவில்லை. தம்மைப் போன்று விற்கப்பட்ட சிறுமியர் பலர் இன்னும் அவ்வீடுகளில் இருந்தனர் என்பதை அவர் மறந்திலர். முதலில் அவர் காங்கிரசு இயக்கத்தில் சேர்ந்து நாட்டுத்தொண்டு செய்தார், கதராடை உடுத்தினார். 1925-ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு விலகியபோது, அம்மையாரும் உடன் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். அவ்வாண்டிலேயே மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு ஒன்றைக் கூட்டித் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என வலியுறுத்தினார்.

அவர்தம் தொண்டு மேடையோடு நின்றுவிடவில்லை. ஊர்தோறும் சென்றார், தாசியர் வாழ்ந்த வீடுகளின் வாயிற்படி ஏறினார், தாய்மாரிடமும் மகளிரிடமும் அமர்ந்து பேசினார். பொட்டுக்கட்டாது மகளை மணம் செய்து கொடுக்குமாறு வேண்டினார். அவ்வீடுகளின் வழக்கங்களை உள்ளிருந்து அறிந்தவராதலின், அவருடைய சொற்களை எளிதில் புறக்கணிக்க எவராலும் இயலவில்லை. ஆயினும், எதிர்த்தோரும் பலர். வாழ்வுக்கு வேறு வழியறியாத தாசியருள் சிலர் தம் பிழைப்பும் கலையும் அழியுமோ என அஞ்சினர். அவ்வச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால், அம்முறையால் இன்பம் துய்த்த செல்வர்களின் எதிர்ப்போ தன்னலத்தால் எழுந்தது. ஒருமுறை நிகழ்ச்சி ஒன்றில் பகைவர் சிலர் அம்மையாரின் நீண்ட கூந்தலை அறுத்தெறிந்தனர் என்றும், அதன்பின் அவர் கூந்தல் வளர்த்தலையே விடுத்துக் குறுமுடியுடன் வாழ்ந்தார் என்றும் கூறுவர். இழிவுபடுத்த எண்ணியோர் செய்த செயலை அவர் தம் வீரத்தின் அடையாளமாக மாற்றிக்கொண்டார்.

அக்காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இம்முறையை எதிர்த்து வாதாடினார். அவர்தம் முயற்சியால் 1929-ஆம் ஆண்டில் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற்பணி செய்தால்தான் மானிய நிலம் உண்டு என்னும் கட்டு அதனால் அவிழ்ந்தது. 1930-ஆம் ஆண்டில் அவர் கொணர்ந்த பொட்டுக்கட்டுத் தடை மசோதா அப்போது நிறைவேறவில்லை. அம்மசோதாவுக்கு இராமாமிர்தம் அம்மையார் பெருந்துணையாய் நின்றார்.

சட்டமன்றத்தில் மசோதா தோற்றபோதும் அம்மையார் சோர்ந்திலர்; எழுதுகோலை எடுத்தார். 1936-ஆம் ஆண்டில் அவர் எழுதிய தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவல் வெளிவந்தது. செல்வர் வீட்டு இளைஞன் ஒருவன் தாசியர் வலையில் வீழ்ந்து பொருளையும் பெருமையையும் இழந்து, இறுதியில் அறிவு பெறுவதை அது கூறுகின்றது. ஆனால், அதன் உள்ளுறை அவ்வளவில் அடங்குவதன்று. மகளையே முதலாக வைத்து வாணிகம் நடத்தும் தாயை அதிற் காண்கிறோம். அத்தாயின் சொற்படி ஒழுகும் மக்களைக் காண்கிறோம். அவ்வாழ்வை வெறுத்து வெளியேறி, பிறரையும் மீட்க முனையும் பெண்களையும் காண்கிறோம். வலையை அறுப்பவர் வெளியிலிருந்து வந்த வீரர் அல்லர். அப்பெண்களே தம் அறிவால் அதனை அறுக்கின்றனர். வலைக்குள் வீழ்ந்தவரே வலையின் முடிச்சுகளை நன்கு அறிவர் என்பதே அந்நாவல் தரும் தெளிவு. அம்மையார் தம் வாழ்வில் கண்டனவும் பட்டனவும் அதில் நிழலாடுகின்றன.

1938-ஆம் ஆண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை தமிழர் படை ஒன்று நடந்து சென்றது. 42 நாள் நிகழ்ந்த அந்நெடும்பயணத்தில், ஐம்பத்தைந்து வயதான அம்மையாரும் ஆடவர்க்கு இணையாக நடந்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் மறியல் செய்து ஆறு வாரச் சிறைத்தண்டனையும் ஏற்றார்.

நெடுங்காலப் போராட்டம் 1947-ஆம் ஆண்டில் பயன் தந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்தபோது, பெண்களுக்குப் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. தாம் விற்கப்பட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தபின், இனி ஒரு சிறுமியும் அவ்வாறு விற்கப்படலாகாது எனச் சட்டம் கூறுவதை அம்மையார் தம் கண்ணாரக் கண்டார். 1962-ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

1989-ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஏழைப் பெண்களின் திருமணத்திற்குப் பொருளுதவி செய்யும் திட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. 2022-ஆம் ஆண்டில் அத்திட்டம் உயர்கல்விக்கான உதவியாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்க அதன்வழி ஏற்பாடாயிற்று.

பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமியின் பெயரால் இவ்வுதவி வழங்கப்பெறுதல் எண்ணி மகிழத்தக்கது. ஆயினும், வறுமையையும் உறவையும் காரணமாகக் காட்டிப் பெண்களை விலைப்பொருளாக்கும் கொடுமை உலகினின்று முற்றும் அகன்றுவிடவில்லை. வேலை என்றும், திருமணம் என்றும், வளர்ப்பு என்றும் அது புதுப்புதுப் பெயர்களுடன் வருதலும் கூடும். பெயரைக் கண்டு மயங்காது பொருளை ஆராயும் அறிவும், தவறு என உணர்ந்தவழி உற்றாரிடத்தும் மறுத்துரைக்கும் துணிவும், தாம் தப்பியபின் பிறரை மறவாத நெஞ்சமும் மாணவ மாணவியர் அம்மையாரிடம் கற்கத்தக்கனவாம்.