குள்ளர்களுக்கு ஊரும் பேரும் கொடுத்தவர்



கோடை விடுமுறையில் நம் கம்யூனிட்டி ஹாலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, இருபது முகம் கொண்ட பகடையை உருட்டிக்கொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அந்த விளையாட்டின் பெயர். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். மனிதர், எல்ஃப், குள்ளர் என்று எந்த இனத்தவராகவும் ஆடலாம். கூட்டத்திலேயே உயரமான பையன், தனக்குக் குள்ளர் பாத்திரம்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினான். அதே வாரம் கீழே விளையாடும் இடத்தில், உயரம் குறைந்த ஒரு சிறுவனை அதே சொல்லைச் சொல்லி அழவைத்தார்கள்.

சொல் ஒன்றுதான். ஹாலில் அது பெருமை, கீழே அது கேலி. ஹாலில் கிடைத்த பெருமைக்குப் பெரும்பாலும் காரணமான ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன்.

1892 ஜனவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் பிறந்தார். அப்பா வங்கி மேலாளர். அம்மா இரண்டு பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது, 1896-இல் அப்பா அங்கேயே நோயில் இறந்துபோனார். பர்மிங்காம் அருகே ஒரு கிராமத்தில் குடும்பம் தங்கியது. அம்மாதான் முதல் ஆசிரியர். லத்தீன் மொழியையும் செடிகொடிகளின் பெயர்களையும் சொல்லிக்கொடுத்தார். 1904-இல் அவரும் நீரிழிவால் காலமானார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பன்னிரண்டு வயதுப் பையன் தம்பியோடு அடுத்தவர் வீடுகளில் வளர்ந்தான். ஒரு பாதிரியார் காப்பாளராக இருந்து படிக்கவைத்தார்.

1916-இல் எடித் என்ற பெண்ணை மணந்தார். அவரும் பெற்றோரை இழந்தவர். சில மாதங்களிலேயே முதல் உலகப்போரின் சோம் போர்முனைக்குப் போகவேண்டியிருந்தது. பதுங்குகுழிக் காய்ச்சலால் ஊர் திரும்பினார். பள்ளி நாளிலிருந்து பிரியாத நால்வரில் ஒருவர் அவர். மற்ற மூவரில் இருவர் அந்தப் போரில் மாண்டார்கள்.

போருக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். 1925-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நான்கு பிள்ளைகள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வெற்றுப் பக்கத்தில் கிறுக்கிய ஒரு வரிதான் 'தி ஹாபிட்' கதையாக வளர்ந்தது. பதிப்பாளர் அதைத் தன் பத்து வயது மகனிடம் படிக்கக் கொடுத்தார். பையன் நல்ல கதை என்று எழுதிக்கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் வாங்கிக்கொண்டான். 1937 செப்டம்பரில் நூல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படமும் வந்தது. அதில் ஏழு குள்ளர்கள் சிரிப்புக்காகவே வந்துபோவார்கள்.

டோல்கீனின் கதையிலும் தொடக்கத்தில் சிரிப்புதான். அழையா விருந்தாளிகளாகப் பதின்மூன்று குள்ளர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, இருக்கும் பலகாரத்தையெல்லாம் காலிசெய்கிறார்கள். போகப்போகத்தான் அவர்கள் யார் என்று நமக்குப் புரிகிறது. டிராகன் ஒன்று அவர்கள் மலையைப் பறித்துக்கொண்டு விரட்டிவிட்டது. கொல்லு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்தவர்கள், பிறந்த மண்ணைத் தேடிப் போகிறார்கள். பேராசை உண்டு, பிடிவாதம் உண்டு, வாக்குத் தவறாத விசுவாசமும் உண்டு. சிறுவயதிலேயே வீட்டை இழந்தவர் எழுதியது இது என்பதை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

ஐஸ்லாந்தின் பழம்பாடல் ஒன்றில் குள்ளர் பெயர்களின் நீண்ட பட்டியல் உண்டு. தன் குள்ளர்களுக்குப் பெயர்களை அங்கிருந்துதான் எடுத்தார். அவர்களுக்கென்று ஒரு மொழியையும் எழுத்தையும் உருவாக்கினார். ஆங்கிலத்தில் குள்ளர் என்ற சொல்லின் பன்மை 'ட்வார்ஃப்ஸ்'. அவர் வேண்டுமென்றே 'ட்வார்வ்ஸ்' என்று எழுதினார். 1954-55-இல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சானபோது, அச்சகத்தார் அதைப் பிழை என்று திருத்திவிட்டார்கள். அகராதியில் வேலை பார்த்த மனிதர் விட்டுக்கொடுக்காமல் மறுபடி மாற்றவைத்தார். அந்த நூலில் கிம்லி என்ற குள்ளர் வருகிறார். பரம்பரைப் பகையுள்ள எல்ஃப் இனத்தவனோடு உயிர்நண்பராகி, மற்றவர்களுக்குச் சமமாக நின்று போரிடுகிறார்.

1973 செப்டம்பர் 2 அன்று டோல்கீன் காலமானார். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய அந்தப் பகடை விளையாட்டு வெளியானது. முதல் விதிநூலிலேயே குள்ளர் இனம் இருந்தது. ஆனால் வீரராக மட்டுமே ஆடலாம், ஆறாம் நிலைக்கு மேல் உயரவும் முடியாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இத்தகைய தடைகள் முழுமையாக நீங்கின. 2014 விதிப்படி மனிதர் ஒரு சுற்றில் 30 அடி நடந்தால் குள்ளர் 25 அடிதான். ஆனால் கனமான கவசம் அணிந்தாலும் அவர் வேகம் குறையாது. விஷத்தை எதிர்ப்பார், இருட்டில் பார்ப்பார், கல்வேலையைக் கண்டதும் அதன் கதை சொல்வார். உயரமான பையன் ஏன் சண்டை போட்டான் என்று இப்போது தெரிகிறதா?

நமக்கும் இது அந்நியமில்லை. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் காலைத் தூக்கி உலகளந்து நிற்கும் பெருமாள், குள்ள வாமனனாக வந்தவர்தானே? கல்வராயன் மலைப்பக்கம் பழைய கல்திட்டைகள் உண்டு. தமிழகத்தின் பல ஊர்களில் இவற்றைக் குள்ளர் வீடு என்பார்கள். உண்மையில் அவை பெருங்கற்கால மக்களின் ஈமச்சின்னங்கள். அவ்வளவு பெரிய கற்களைத் தூக்கி அடுக்கியவர்கள் குள்ளர்கள் என்று நம்பிய நம் மக்கள், அவர்களை எளியவர்களாக நினைக்கவில்லை.

கதைக் குள்ளர் வேறு, நம்மிடையே வாழும் உயரம் குறைந்த மனிதர் வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்த உயரக்குறைவும் ஒன்று. லிஃப்ட் பொத்தானும் இன்டர்காமும் தபால் பெட்டியும் எல்லோர் கைக்கும் எட்டுகிறதா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசலாமா?

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. அடுத்த விடுமுறையில் கீழே அழுத அந்தச் சிறுவனையும் ஹாலுக்கு அழைத்து வாருங்கள். எந்தப் பாத்திரம் வேண்டும் என்று அவனே சொல்லட்டும்.