ஒரே ஒரு ஓட்டு!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சர்ச்சிலின் கூட்டணி அரசு பார்லிமெண்ட் ஓட்டெடுப்பில் எத்தனை முறை தோற்றது தெரியுமா நண்பர்களே? ஒரே முறைதான்! தோற்றதற்குக் காரணம் அவருடைய கட்சியிலேயே பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி. விஷயம் பீரங்கியும் இல்லை, விமானமும் இல்லை, டீச்சர்களின் சம்பளம்.

அவர் பெயர் தெல்மா காஸலெட்-கெய்ர். 1899-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் கவுண்டி கவுன்சிலில் பணியாற்றி, 1931-ல் கிழக்கு இஸ்லிங்டன் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் ஜெயித்தார். அவருடைய அண்ணன் விக்டரும் எம்.பி.தான். 1943 ஜூலையில் ஜிப்ரால்டர் அருகே நடந்த விமான விபத்தில் விக்டர் இறந்துபோனார். போரின் இழப்பு என்னவென்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1944-ல் கல்வி அமைச்சர் பட்லர் ஒரு பெரிய மசோதாவைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி, பள்ளியை விட்டு வெளியேறும் வயது 15 என்று அருமையான திட்டங்கள். குண்டுவீச்சில் மக்கள் சபைக் கட்டடம் இடிந்துபோனதால், பிரபுக்கள் சபை மண்டபத்தில் உட்கார்ந்துதான் விவாதித்தார்கள்! கல்யாணமான பெண்களை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கும் வழக்கத்துக்கும் அந்தச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் சம்பளம்? அதே வகுப்பு, அதே பாடம், பெண்ணுக்கு மட்டும் குறைவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று தெல்மா திருத்தம் கொண்டுவந்தார்.

மார்ச் 28-ம் தேதி ஓட்டெடுப்பு. ஆதரவு 117, எதிர்ப்பு 116. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மெஷின் நின்றுவிடும் என்பது என்ஜினீயர்களான நமக்குத் தெரியாததா!

சர்ச்சில் சும்மா விடுவாரா? நார்மண்டிப் படையெடுப்புக்குப் பத்தே வாரம் இருந்தது. இதை நம்பிக்கை ஓட்டாகவே ஆக்கிவிட்டார். மார்ச் 30-ல் மறுபடி ஓட்டெடுப்பு: அரசுக்கு 425, எதிராக 23. திருத்தம் போயிற்று. போர் நேரத்தில் பிரதமரைக் கவிழ்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனாலும் கேள்வி அடங்கவில்லை. சம ஊதியம் பற்றி ஆராய அதே ஆண்டு ராயல் கமிஷன் போட்டார்கள். 1945-ல் தெல்மா கல்வித்துறையின் துணைப் பொறுப்புக்கே வந்தார். ஆனால் ஜூலைத் தேர்தலில் பதவியும் போச்சு, தொகுதியும் போச்சு. அதற்காக அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சம ஊதியப் போராட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1955-ல் அரசு இணங்கியது. படிப்படியாக உயர்த்தி, 1961-ல் ஆசிரியைகளுக்கு முழுச் சம ஊதியம் கிடைத்தது.

1989-ல் அவர் மறைந்தார். மந்திரிசபையில் இடம் கிடைக்காமலே ஒரு காரியத்தைத் தொடங்கி, பதினேழு வருஷம் கழித்து அது நிறைவேறியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நமக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியைகளை இந்த மலர் வழியாக வணங்கும்போது, தெல்மாவையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.