பட்டாணிச் செடியும் தாதாசாகெப் பால்கேயும்

அசையும் படங்களைக் கண்டு களிக்காத சிறார் இல்லை. ஆயினும் அத்தகைய படமொன்றைத் தாமே ஆக்கலாம் என எண்ணுவோர் சிலரே. அவ்வாறு எண்ணித் துணிந்த ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகெப் பால்கே அவர்களே அவர்.

நாசிக் நகரை அடுத்த திரியம்பகேசுவரத்தில் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பிறந்த பால்கே, பம்பாயிலும் பரோடாவிலும் கலை பயின்றார். பின்னர் அச்சுத் தொழிலில் ஈடுபட்டார். நாற்பது வயதளவில், கூட்டாளிகளுடன் கருத்து வேறுபட்டு அத்தொழிலைக் கைவிட்டார். அவ்வேளையில் பம்பாயில், இயேசுநாதரின் வரலாற்றைக் கூறும் மௌனப்படம் ஒன்றைக் கண்டார். நம் நாட்டுக் கதைகளும் இவ்வாறு திரையில் உயிர்பெற வேண்டும் என்னும் வேட்கை அவருள் எழுந்தது.

அக்கலையைக் கற்பிக்க அங்கே பள்ளி இல்லை. படங்களை இடைவிடாது பார்த்தும், நூல்களைப் படித்தும் தாமே கற்றார். ஓய்வின்மையால் சிறிது காலம் கண்பார்வையையும் இழந்து, சிகிச்சையால் மீண்டார். ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்துப் பணம் பெற்று, 1912இல் இலண்டன் சென்று, தொழில்நுட்பம் அறிந்து, படப்பிடிப்புக் கருவியும் வாங்கித் திரும்பினார்.

எனினும் பெரும்படம் எடுக்கப் பணமில்லை. ஆகவே ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அது முளைத்து வளர்வதை ஒரு மாதத்திற்கும் மேலாக, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையிட்டபோது செடி கண்முன்னே விறுவிறுவென வளர்ந்தது! அதைக் கண்டு வியந்தோர் கடனுதவ முன்வந்தனர். துணைவியார் சரசுவதிபாய் பிலிமில் துளையிடுதல் முதலிய பணிகளைக் கற்றுத் தோள்கொடுத்தார். 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ‘ராஜா அரிச்சந்திரா’ பம்பாயில் திரையேறியது. நம் கூத்துகளில் போலவே அரசியின் வேடத்தை ஓர் ஆடவரே ஏற்றிருந்தார். 1915இல், தீக்குச்சிகள் தாமாகவே அசைந்து விளையாடுவது போன்ற குறும்படத்தையும் பால்கே ஆக்கினார்.

பேசும்படங்களின் வருகையால் அவரது தொழில் நலிவுற்றது. 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார். அவர் பெயரால் 1969ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் விருதை, 1996ஆம் ஆண்டுக்கெனப் பெற்றவர் நம் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் என்பது நாம் மகிழத்தக்கது.

அன்புச் சிறார்களே! அசைவூட்டப் படத்தின் அடிப்படை இன்றும் அதுவே. முதலில் கதையைச் சிறு கட்டங்களாக வரைந்துகொள்ளுங்கள். வினாடிக்கு 12 படங்கள் எனக் கொண்டால், அரை நிமிடப் படத்திற்கு 360 படங்கள் வேண்டும். கருவியும் வெளிச்சமும் மாறாதிருக்க, பொருளை மட்டும் இம்மியளவு நகர்த்தி ஒவ்வொன்றாக எடுங்கள். நமது கிரின்ஸ்டெட்டிற்கு அயலூரான பில்லுண்டில் பிறந்த லெகோ கட்டைகளே உங்கள் நடிகர்கள் ஆகலாம். சன்னலோரப் பட்டாணிச் செடியும் ஆகலாம்.

பிறர் கதையைத் திரையில் கண்ட பால்கே, தம் கதையைத் தேடினார். டென்மார்க்கில் வளரும் நம் சிறாரும் நாள்தோறும் பிறர் கதைகளையே காண்கின்றனர். பாட்டி சொன்ன கதையொன்றைத் தமிழிலேயே பேசவைத்து, அவர்கள் ஒரு சிறு படம் ஆக்குவார்களாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை. பொறுமையுடன் தொடங்குவோம், விதை முளைக்கும்.