நீதியும் தன்னலமும்: மதுரை வைத்தியநாதையர் வாழ்க்கை

நீதி நன்று என்பதை மறுப்பார் உலகில் ஒருவரும் இலர். ஆயின், நீதி தம் நலத்துக்கு மாறாக வந்து நிற்குங்கால் அதனை ஏன் பற்ற வேண்டும் என்று ஒருவர் வினவுவராயின், விடையிறுத்தல் எளிதன்று. யவன தேசத்துப் பேரறிஞராகிய பிளேட்டோ, குடியரசு என்னும் தம் நூலில், கிளாக்கன் என்பான் வாயிலாக இவ்வினாவை எழுப்பினார். நீதிமானுக்கு நற்பெயரும் நண்பரும் பதவியும் வந்து சேர்கின்றன. அவன் விரும்புவது நீதியையோ அவற்றையோ என்பதை அறிவது எங்ஙனம்? ஆதலின் அவனிடமிருந்து நற்பெயரைப் பறித்து, தீயோன் என்னும் பழியையும் அவன்மேற் சுமத்தி, அப்பொழுதும் நீதியின்பால் நிற்கின்றானா என்று காண வேண்டும் என்பது கிளாக்கன் கேட்ட சோதனை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு அத்தியட்சராகிய பட்லர் வேறொரு வழியிற் சென்றார். மனச்சான்றும் செவ்விதின் உணர்ந்த தன்னன்பும் முடிவில் ஒரு திசையையே காட்டும் என்பது அவர் கொள்கை.

இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதை ஏட்டளவில் ஆராய்வதினும், வைகைக் கரையில் நம் முன்னோர் கண்காண வாழ்ந்த ஒருவர் வாழ்க்கையில் வைத்து ஆராய்தல் பயனுடைத்தாம் எனக் கருதி, மதுரை அ. வைத்தியநாதையர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

வைத்தியநாதையர் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தஞ்சை ஜில்லாவைச் சார்ந்த விஷ்ணம்பேட்டை என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் அருணாசலமையர், தாயார் லக்ஷ்மி அம்மாள். மதுரைச் சேதுபதி உயர்தரப் பாடசாலையிலும், பின்னர் மதுரைக் கல்லூரியிலும், அதன் பின்னர்ச் சென்னை மாகாணக் கல்லூரியிலும் பயின்றார். சின்னாள் ஆசிரியராக இருந்து, பின்பு சட்டம் கற்று, மதுரையில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அவர் மனைவியார் அகிலாண்டம்மாள், கணவர் சென்ற வழியெல்லாம் தாமும் உடன்சென்று, பிற்காலத்திற் சிறைவாசத்தையும் ஏற்றவர்.

அந்நாளில் மதுரையில் அந்தணர் குலத்துப் பிறந்து, ஆங்கிலம் கற்று, வக்கீல் தொழிலில் அமர்ந்த ஒருவருக்கு உலகம் எளிதாகவே இருந்தது. நீதிமன்றத்தில் மதிப்பும், ஊரில் மரியாதையும் அவரைத் தேடி வந்தன. அங்கயற்கண்ணம்மை திருக்கோயிலின் வாயில் அவருக்கு இயல்பாகவே திறந்திருந்தது. அந்த வாயில் தமக்குத் திறந்திருப்பதும், மேலூர்ச் சமவெளியிலிருந்து வந்து புறத்தே கைகூப்பி நின்ற உழவனுக்கு அடைத்திருப்பதும் ஒரே வழக்கத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர் உணர்ந்தார். அவர் சரிதம் அங்கே தொடங்குகின்றது என்று கூறலாம்.

காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மதுரைக்கு வந்தபொழுதே பிற ஆடைகளைத் துறந்து அரையாடை புனைந்தார் என்பது நாம் அறிந்ததே. அவ்வாண்டுகளின் எழுச்சி வைத்தியநாதையரையும் பற்றியது. 1930-ஆம் ஆண்டு வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் அவர் பங்குகொண்டு, காவலரிடம் அடியுண்டு, சிறை புகுந்தார். சர்க்கார் விதித்த அபராதத்தைச் செலுத்த மறுத்தமையால் அவருடைய சட்ட நூல்களும் பறிமுதலாயின என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். வக்கீலுக்குச் சட்ட நூல்கள் உழவனுக்கு ஏர் போல்வன.

எனினும், அந்நியர் ஆட்சியை எதிர்த்தோர்க்கு ஊரார் மாலையிட்டனர். சிறை சென்றோர் பெருமை பெற்றனர். ஆதலின் கிளாக்கன் கேட்ட சோதனை அதுவன்று. அது வேறிடத்தில் அவருக்காகக் காத்திருந்தது.

தமிழ்நாட்டு அரிசன சேவா சங்கத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்று, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே ஏற்று உணவளித்தார். மேலூரையடுத்த தும்பைப்பட்டியில் 1908-ஆம் ஆண்டிற் பிறந்த கக்கன் என்னும் இளைஞர் அவ்வில்லத்தில் ஒரு புதல்வரைப்போலவே கொள்ளப்பட்டார். பொதுக்கூட்டத்திற் சமத்துவம் பேசுவோர் பலர் உளர். அதனைத் தம் வீட்டு அடுக்களைவரையிற் கொண்டு சென்றோர் சிலரே. தம் குலத்தார் முகஞ்சுளிப்பர் என்பதை அறிந்தே அவர் இதனைச் செய்தார்.

ஆலயப் பிரவேசத்தைக் குறித்துச் சட்டம் எந்நிலையில் நின்றது என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சார்ந்திருந்த கமுதியில், 1897-ஆம் ஆண்டில் நாடார் குலத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுட் புகுந்தனர். அதன்மேல் இராமநாதபுரம் ஜமீன்தார் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரையிற் சென்று, 1908-ஆம் ஆண்டில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நெடுநாள் வழக்கமே உரிமையை வரையறுக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர்த் திருவிதாங்கூர் மன்னர் 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் தம் நாட்டுக் கோயில்களை யாவர்க்கும் திறந்துவிட்டார். சென்னை மாகாணத்திலோ, 1938-ஆம் ஆண்டில் மலையாள ஜில்லாவுக்கு மட்டும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தமிழ் ஜில்லாக்களில் பழைய நிலையே நீடித்தது. வக்கீலாகிய வைத்தியநாதையர், நீதி ஒருபுறமும் சட்டம் மற்றொருபுறமும் நிற்பதை நன்கு அறிந்திருந்தார்.

1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் நாள் காலையில், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரோடும், நாடார் குலத்தார் ஒருவரோடும், அவர் மீனாட்சியம்மன் திருக்கோயிலினுட் புகுந்தார். கோயில் நிருவாக அதிகாரியாகிய ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அவர்கள் வணங்கித் திரும்பினர். சில அடிகள் நடந்து ஒரு வாயிலைக் கடந்ததன்றி வேறொன்றும் நிகழவில்லை. எனினும் பன்னூறாண்டு வழக்கம் அச்சில அடிகளில் முறிந்தது.

அதன் பின்னரே சோதனை வந்தது. பட்டர்களுட் சிலர் பூசை செய்ய மறுத்தனர். கோயில் மாசுற்றது என்றும் சுத்தி செய்தல் வேண்டும் என்றும் வைதிகர் ஆர்ப்பரித்தனர். முன்பு மாலையிட்ட கைகளே இப்பொழுது அவரைச் சுட்டிப் பழித்தன. தெய்வத்துக்குத் துரோகி, குலத்துக்குப் பகைவர் என்னும் வசையை அவர் சுமந்தார். நீதியின் பொருட்டு ஒருவர் நீதியற்றவர் என்று தம்மவராலேயே இகழப்படுதல் என்று கிளாக்கன் கற்பனை செய்தது, மதுரை மாடவீதிகளில் மெய்யாகவே நிகழ்ந்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். மாகாணத்தை அப்பொழுது ஆண்டது அவருடைய காங்கிரஸ் கட்சியே. முதன்மந்திரியாக இருந்தவர் இராஜகோபாலாச்சாரியார். ஆலயப் பிரவேசத்தினால் அக்கட்சிக்கும் அவருக்கும் ஆதாயம் உண்டன்றோ? அதிலும் தன்னலம் இல்லை என்று எங்ஙனம் கூறுவது? இவ்வினாவை நாம் ஒதுக்கிவிடலாகாது. மனிதர் செயலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றன்று. பல காரணங்கள் விரவியே இருக்கும். பிரவேசத்தில் ஈடுபட்டோர்மேல் வழக்குத் தொடராவண்ணம் காக்கும் அவசரச் சட்டம் பின்னர்ப் பிறந்தது என்பதும், அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் காப்புச் சட்டம் நிறைவேறியது என்பதும் உண்மையே. ஆயினும் ஜூலை 8-ஆம் நாள் அவர் உள்ளே அடியெடுத்து வைத்தபொழுது அக்காப்பு இன்னும் சட்டமாகவில்லை. கக்கனைத் தம் இல்லத்திற் சேர்த்த நாளிலோ, அதனால் வரக்கூடிய ஆதாயம் ஒன்றேனும் கண்ணுக்குத் தென்படவில்லை. உறவினர் வெறுப்பே முன்னின்றது.

இதனால் நாம் அறிவது யாது? நலத்தின் கலப்பே இல்லாத தூய நெஞ்சை மனிதரிடம் தேடுவது வீண். நீதியும் நலமும் ஒருவழியிற் செல்லுமளவும் யாரும் நீதிமானே. அவை பிரியும் கவர்வழியில் அவர் எதனோடு சென்றார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. வைத்தியநாதையர் வாழ்வில் அவ்விரண்டும் ஒருமுறைக்குமேற் பிரிந்தன. ஒவ்வொரு முறையும் அவர் நீதியைத் தொடர்ந்தார்.

மற்றொன்றும் நினைக்கற்பாலது. அவர் செய்தது கருணை என்று சிலர் புகழ்வர். ஈகையாவது தமக்குரிய பொருளைப் பிறர்க்கு அளித்தல்; நீதியாவது பிறர்க்குரியதை அவர்க்கே விடுதல். கோயில் வாயில் வைத்தியநாதையர் உடைமையன்று. அதனை அவர் யாருக்கும் தானமாக அளிக்கவில்லை. உள்ளே சென்ற கக்கனும் பிறரும் தம் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டனர். அவர்கள் மேற்கொண்ட துணிவு சிறிதன்று. வைத்தியநாதையருக்கு நேரக்கூடியது வசையும் வழக்கும். அவர்களுக்கோ, ஊர் திரும்பியபின் கூலியும் குடிசையும் உயிருமே பறிபோகக்கூடும். ஆதலின் அந்நாளின் பெருமையை ஒருவர்க்கே உரிமையாக்குதல் அந்நாளின் கருத்துக்கே மாறாகும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தன் தீர்ப்புப் பிழைத்தது என்று உணர்ந்த அக்கணமே உயிர் துறந்தான். அவன் முன்னே கண்ணகி சிலம்பை உடைத்துப் பிழையைக் காட்டினாள். பரம்பரையாக வந்த அநீதியையோ, அதனால் நலம் பெறுவோர் முன் யாரும் அங்ஙனம் உடைத்துக் காட்டுவதில்லை. அது வழக்கம் என்னும் பெயருடன், ஆசாரம் என்னும் ஆடையுடன், வீட்டுப் பெரியவர்போலவே நடமாடுகின்றது. அதனை அடையாளங் காணுதலே முதற் கடினம்.

இதனைப் பிற சமயத்தார் குறையென்று மட்டும் எண்ணி நாம் அமைதல் தகாது. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வடக்கன்குளத்தில், கத்தோலிக்கத் தேவாலயத்தினுள்ளேயே சாதியினரைப் பிரித்து நிறுத்திய சுவர் ஒன்று இருந்தது. அது 1910-ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது. ஒரே அப்பத்திற் பங்குகொண்டோர் நடுவிலும் சுவர் நின்றமை நம்மை நாணச் செய்யும்.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் வைத்தியநாதையர் மீண்டும் சிறை சென்றார். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து, யாவர்க்கும் திறந்திருந்த அத்திருக்கோயிலை வழிபட்டார். அவ்வாண்டில் வைத்தியநாதையர் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947-ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய மைந்தரோடு கக்கனும் தலை மழித்து இறுதிக்கடன் ஆற்றினார் என்பர். அக்கக்கன் பின்னர் 1957 முதல் 1967 வரை தமிழ்நாட்டு அமைச்சராக விளங்கியும், தமக்கெனப் பொருள் சேர்க்காமலே 1981-ஆம் ஆண்டில் மறைந்தார். 1999-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வைத்தியநாதையர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

பட்லர் கூறியதுபோல, நெடுநாட் சென்றபின் புகழ் அவரை வந்தடைந்தது உண்மையே. ஆயினும் அவர் உள்ளே புகுந்த காலையில் அப்புகழ் அவர் கண்முன் இல்லை, இகழே இருந்தது. நெடுநாட்பின் வரும் பயனைக் கருதி ஒருவர் நீதி செய்தல் அரிது, ஏனெனின் அப்பயனைத் தாம் காணுதல் உறுதியன்று.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் வக்கீலாகவும் அதிகாரியாகவும் அமர்வர். அவ்விடத்தில் நமக்குக் கேளாமலே திறக்கும் வாயில்கள் எத்தனையோ உளவாம். அவற்றுள் ஒவ்வொன்றின் முன்னும் சிறிது நின்று, இது வேறு யாருக்கு அடைத்திருக்கின்றது என்று திரும்பிப் பார்த்தல் நம் கடமையாகும். மீனாட்சியம்மன் கோயிலுட் செல்வோர் திரளில் இன்று யார் எக்குலத்தார் என்று வாயிற்காவலர் கேட்பதில்லை. அங்ஙனம் கேளாதிருப்பதற்கு ஒரு காலத்தில் விலை கொடுத்தோர் இருந்தனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.