திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று மரணங்கள்: ஐடா ஸ்கடரின் வாழ்க்கை இன்றைய பிரசவ அறைக்குச் சொல்வது என்ன?

பிரசவம் என்பது பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஒரு காலத்தில் அது வெறும் பேச்சு வழக்கு இல்லை, நிஜமான பயம். இன்று நிலைமை அப்படியில்லை. கதிர்காமத்தில் குடியிருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு அதே பகுதியிலேயே இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. கொஞ்சம் தள்ளிப் போனால் கோரிமேடு ஜிப்மர். புதுச்சேரியில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன.

சரி, டாக்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? இந்தக் கேள்வி சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தூரத்தில் உள்ள திண்டிவனத்தில் ஓர் இரவில் எழுந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை உருவானதே அந்த இரவால்தான்.

யார் இந்த ஐடா?

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் மருத்துவம் பார்த்த மிஷனரி. அப்பாவுக்கும் அதே பெயர், அதே வேலை. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது ஐடா சின்னஞ்சிறுமி. பசியால் எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டி கொடுத்தவர்.

ஆனால் ஐடாவுக்கு இந்த ஊர் வாழ்க்கையில் விருப்பமே இல்லை. அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அம்மா தேறியதும் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

அந்த இரவில் என்ன நடந்தது?

ஒரு நாள் இரவு பிராமணர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். இளம் மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், வந்து காப்பாற்றுங்கள் என்று ஐடாவிடம் கெஞ்சினார். ஐடா டாக்டர் இல்லை. அப்பாதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார். வந்தவர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் தன் மனைவியைப் பார்ப்பதை அவர் வீட்டு வழக்கம் ஏற்காது.

அவர் போன சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கோரிக்கை, அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொருவர், அவரும் இந்து. அவரும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார். ஐடாவுக்கு அன்று தூக்கமே இல்லை. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

ஊர் திரும்பும் திட்டத்தை ஐடா அன்றே கைவிட்டார். டாக்டராகத்தான் இனி இங்கே வருவது என்று முடிவு செய்தார்.

இந்தக் கதையில் விடுபட்டுப்போவது எது?

இதை மூடநம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் நடந்த சண்டையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் வேறு சில விஷயங்கள் தெரியும்.

முதலாவது, அந்த மூன்று ஆண்களும் மனைவியைக் காப்பாற்றத்தான் ராத்திரியில் ஓடி வந்தார்கள். அக்கறை இல்லாதவர்கள் இல்லை. இரண்டாவது, அங்கே மருத்துவர் இல்லாமல் இல்லை. அதே வீட்டில், கூப்பிடு தூரத்தில் இருந்தார். மூன்றாவதுதான் முக்கியம். வலியில் துடித்த அந்தப் பெண்களின் விருப்பம் என்ன என்பது இந்தக் கதையில் எங்குமே இல்லை. பேசியவர்கள் எல்லாம் கணவன்மார்கள். அந்தப் பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஐடா இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நேரானது. வழக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு வலி எடுக்கிற பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. அவள் பயமில்லாமல், கூச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆள் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்குவதே அவருடைய அடுத்த 50 வருட வேலை ஆனது.

ஓர் அறையில் தொடங்கிய மருத்துவமனை

1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அப்பா காலமானார். வழிகாட்ட ஆள் இல்லாமல் தனியாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

மிஷன் பங்களாவின் ஒரு சின்ன அறைதான் முதல் மருந்தகம். முதலில் யாரும் அவ்வளவாக வரவில்லை. இளம்பெண், அதுவும் வெள்ளைக்காரி, இவருக்கு என்ன தெரியும் என்ற தயக்கம். ஒருவர் குணமாகிப் போய் நாலு பேரிடம் சொல்ல, கூட்டம் சேர்ந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை என்ன செய்வது? ஐடா அவர்களைத் தேடிப் போனார். குடியாத்தம் போகும் சாலையில் வாரம் ஒரு நாள், மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் பேஜோ கார். அதே ஆண்டில் செவிலியர் பள்ளியையும் தொடங்கினார்.

ஒரே ஒரு டாக்டரம்மாவால் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அந்தக் கணக்குதான் அவரை அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் இந்தப் படிப்பில் தேறுவார்களா என்று அரசு மருத்துவத் துறையின் மேலிடத்துக்கே சந்தேகம் இருந்தது. முதல் ஆண்டுத் தேர்வை 14 மாணவிகள் எழுதினார்கள். 14 பேரும் தேர்ச்சி.

பின்னாளில் அந்தப் பள்ளி எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸ். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியப் பெண். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர் என்பது பொருத்தமாக அமைந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ஐடா, கொடைக்கானலில் 1960 மே 24 அன்று, 89 வயதில் மறைந்தார்.

இதுல நமக்கு என்ன?

அன்றைய பிரச்சினை, பெண் மருத்துவமனைக்குள் வராதது. இன்று அவள் வந்துவிடுகிறாள். ஆனால் உள்ளே போன பிறகு? வாசலிலேயே அம்மாவும் மாமியாரும் நிறுத்தப்பட்டு, தெரியாத முகங்களுக்கு நடுவே தனியாகப் படுத்திருக்கும் பெண்ணுக்கு பயம் குறையுமா, கூடுமா? கத்தினால் அதட்டு, என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த அனுபவத்தை நம்மில் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பிரசவ காலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. தாயும் சேயும் உயிரோடு வீடு திரும்புவது மட்டும் போதாது, அந்த அனுபவமே நல்லதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் மையம். அதில் சில:

● பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் பிரசவம் முழுக்க உடனிருக்கலாம். அம்மாவோ, அக்காவோ, கணவரோ, அது அவள் விருப்பம்.

● மரியாதையும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும். செய்வதை அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

● கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. விரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தால், மெதுவாகப் போகிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுத்து அவசரப்படுத்தக் கூடாது.

● சிக்கல் இல்லாத பிரசவத்தில் நடக்கலாம், உட்காரலாம், வசதியான நிலையில் இருக்கலாம்.

● சுகப்பிரசவத்தில் எல்லோருக்கும் வழக்கமாகத் தையல் வெட்டு போடக் கூடாது.

உடனிருப்பவரால் என்ன லாபம்? 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுக்க ஒருவர் துணையிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது. இந்திய அரசும் 2016-ல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. 2017-ல் வந்த லக்‌ஷ்யா திட்டமும் பிரசவ அறையில் மரியாதையான பராமரிப்பை வலியுறுத்துகிறது.

கர்ப்பிணிகள் என்ன கேட்கலாம்?

கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம். ஏழாம், எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள்: பிரசவ அறைக்குள் என்னோடு ஒருவர் இருக்கலாமா? அதற்கு என்ன விதிமுறை? வலி வந்த பிறகு நடக்க விடுவார்களா? வலியைக் குறைக்க என்ன வழி இருக்கிறது? ஊசி போட்டு வலி வரவைப்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்வார்களா?

ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைவது போன்ற அவசரங்களில் மருத்துவர்கள் வேகமாகத்தான் முடிவெடுப்பார்கள். அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்திலும், என்ன நடக்கிறது என்று அவளிடம் ஒரு வரி சொல்ல முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. யார் உள்ளே போவது என்பதை மாமியாரும் அம்மாவும் பேசி முடிவு செய்வதற்கு முன்னால், பெற்றுக்கொள்ளப் போகிறவளிடம் கேளுங்கள். திண்டிவனத்தில் அன்று இரவு அந்த மூன்று பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.