திரையில் நீதி கேட்ட மருத்துவர்

நோயைத் தீர்த்துப் புகழ் பெற்ற மருத்துவர் உலகில் பலர். நோய் அல்லாத ஒன்றை நோய் என்றும் குற்றம் என்றும் உலகம் பழித்தபோது, அதனை மறுத்துப் பேசி அடியும் பழியும் பெற்ற மருத்துவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பும் தன்பாலீர்ப்பு இயற்கையின் வேறுபாடுகளுள் ஒன்று என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை நூலில் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. சினிமாக் கொட்டகைக்கும் கொண்டு சென்றார். அவர் வரலாற்றை நம் சங்க மலரில் எழுத நான் விரும்பியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அவருடைய நூல்களைத் தீயிலிட்டவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள்.

ஹிர்ஷ்பெல்ட் 1868ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பால்டிக் கடற்கரையில் உள்ள கோல்பெர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மகனும் முதலில் மொழியியல் கற்று, பின்னர் மருத்துவம் பயின்று, 1892இல் பட்டம் பெற்றார். அமைதியாகத் தொழில் நடத்திப் பொருள் சேர்த்திருக்கலாம். விதி அவ்வாறு விடவில்லை. அவரிடம் மருத்துவம் பார்த்துவந்த இளம் படை அதிகாரி ஒருவர், தம் திருமணத்திற்கு முந்திய இரவில் தற்கொலை செய்துகொண்டார். இயல்புக்கு மாறான மணத்தைச் செய்துகொள்ளவும் முடியாமல், உண்மையைப் பெற்றோரிடம் சொல்லவும் முடியாமல் இறந்த அவ்விளைஞர், தம் மருத்துவருக்கு ஒரு கடிதம் விட்டுச் சென்றார். அச்சாவு ஹிர்ஷ்பெல்டின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1896இல் அவர் இப்பொருள் பற்றித் தம் முதல் நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். மறு ஆண்டே தம் பெயரை மறைக்காமல் பெர்லினில் ஒரு குழு அமைத்தார்.

ஆணும் ஆணும் கூடினால் சிறை என்று கூறிய ஜெர்மன் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்பதே அக்குழுவின் நோக்கம். அறிவியலின் வழியாக நீதி என்பதைக் குறிக்கோளாகக் கொண்டு கையெழுத்து வேட்டை நடத்தினர். ஐன்ஸ்டைன், தாமஸ் மன் போன்ற பேரறிஞர்களும் கையெழுத்திட்டனர். பாராளுமன்றம் அசையவில்லை. படித்தவர் சிலரின் கையெழுத்தால் மட்டும் சட்டம் மாறுமா? பாமர மக்களின் மனமும் மாற வேண்டுமன்றோ? அதற்கு அவர் கண்ட கருவியே சினிமா.

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது. மன்னராட்சி வீழ்ந்தது, தணிக்கையும் நீங்கிற்று. அந்தச் சிறு இடைவெளியில், 1919 மே மாதம், ரிச்சர்டு ஆஸ்வால்டு என்னும் இயக்குநருடன் சேர்ந்து, மற்றவரினும் வேறானவர் எனப் பொருள்படும் பெயருடைய ஊமைப்படம் ஒன்றை ஹிர்ஷ்பெல்ட் வெளியிட்டார். கதை எளியது. பிடில் வித்துவான் ஒருவர். அவரிடம் இசை கற்க வரும் இளைஞர். இருவர்க்கும் இடையே மலரும் அன்பு. அதை அறிந்து மிரட்டிப் பணம் பறிக்கும் கயவன் ஒருவன். பணம் கொடுத்துச் சலித்த வித்துவான் நீதிமன்றம் செல்கிறார். கயவனுக்குத் தண்டனை கிடைக்கிறது. 175ஆம் பிரிவின்படி வித்துவானுக்கும் சிறை கிடைக்கிறது. பெயர் கெடுகிறது, அரங்குகள் கதவடைக்கின்றன, அவர் நஞ்சுண்டு மாய்கிறார். தாமும் இறக்கத் துணியும் இளைஞரை மருத்துவர் ஒருவர் தடுத்து, உயிரோடிருந்து நீதிக்காகப் போராடும்படி பணிக்கிறார். அம்மருத்துவராக நடித்தவர் ஹிர்ஷ்பெல்டே! இறுதியில் திறந்த சட்டப் புத்தகம் தோன்றுகிறது. ஒரு கை தூரிகையால் அப்பிரிவை அடித்துவிடுகிறது.

எஞ்சியுள்ள பகுதியை நான் பார்த்திருக்கிறேன். வித்துவானாக நடித்தவர் கான்ராட் வெய்ட். பிற்காலத்தில் 'காசாபிளாங்கா'வில் நாஜி அதிகாரியாக வந்து மிரட்டினாரே, அவரேதான். இதில் அந்த முகத்தில் துளியும் கொடுமை இல்லை. செய்தித்தாளில் தற்கொலைச் செய்திகளைப் படிக்கும் அவர் கண்முன், வரலாற்றில் வாழ்ந்த பெரியோர் வரிசையாக நடந்து செல்கின்றனர். அவர்கள் தலைமேல் அந்தச் சட்டப்பிரிவு தொங்குகிறது. நகைப்புக்காக ஒரு காட்சிகூட அதில் இல்லை. கதைத் தலைவர் சாவது ஒரு குறையே. அவருக்குப் பின் திரையில் வந்த இத்தகையோர் பலரும் நெடுங்காலம் கடைசிக் காட்சிக்குள் செத்தே தீர வேண்டியிருந்தது. எனினும், அச்சாவுக்குக் காரணம் அவர் இயல்பு அன்று, சட்டமே என்று ஆணித்தரமாகக் கூறியது அந்தப் படம்.

சில நகரங்களில் கொட்டகைகளில் கலகம் நடந்தது. 1920இல் தணிக்கை மீண்டும் வந்தது. மருத்துவரும் அறிஞரும் மட்டுமே பார்க்கலாம் என்று அப்படத்தை முடக்கினர். அதே ஆண்டு மூனிச் நகரில் ஹிர்ஷ்பெல்டை முரடர்கள் தாக்கித் தெருவில் போட்டுச் சென்றனர். அவர் இறந்துவிட்டதாகவே பத்திரிகைகள் எழுதின. தம் மரணச் செய்தியைத் தாமே படித்த பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்! அவர் அஞ்சவில்லை. 1919இல் பெர்லினில் தாம் நிறுவிய பாலியல் ஆராய்ச்சிக் கழகத்தில் மருத்துவமும் ஆய்வும் தொடர்ந்து நடத்தினார். திருநர் தம் மனத்துக்கேற்ற உடையில் நடமாடக் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டுப் பெறவும் வழிசெய்தார்.

1930இல் தொடங்கிய உலகப் பயணத்தில் 1931இல் நம் நாட்டிற்கும் வந்தார். அலகாபாத்தில் நேருவின் வீட்டில் விருந்தினராக இருந்தார். இந்தியரை இழித்தெழுதிய காதரின் மேயோவின் நூலைக் கண்டித்து, நம் விடுதலைக்குப் பரிந்து எழுதினார். தன் நாட்டில் ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேசியவர்க்கு அயல்நாட்டு அடிமைத்தளையும் கண்ணில் படுவது இயல்புதானே!

அவர் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1933 மே 6ஆம் நாள், பேண்டு வாத்தியம் முழங்க மாணவர் கூட்டம் ஒன்று அவர் கழகத்துள் புகுந்து சூறையாடியது. 10ஆம் நாள் இரவு, ஆயிரக்கணக்கான நூல்களோடு அவரது மார்பளவுச் சிலையும் ஊர்வலமாகச் சென்றது. பெர்லின் நாடகசாலைத் திடலில் நூல்கள் எரிந்தன. பாரிஸில் ஒரு சினிமாக் கொட்டகையில், செய்திப்படத்தில், ஹிர்ஷ்பெல்ட் அதனைப் பார்த்தார். எந்தத் திரையில் நீதி கேட்டாரோ, அதே திரையில் தம் வாழ்நாள் உழைப்பு சாம்பலாவதையும் கண்டார். 1935 மே 14ஆம் நாள், தம் 67ஆம் பிறந்த நாளன்று, நீஸ் நகரில் உயிர் நீத்தார்.

படம் மட்டும் முற்றிலும் அழியவில்லை. 1927இல் அவர் எடுத்த வேறொரு படத்துள் இதனைச் சுருக்கிச் சேர்த்திருந்தார். அதன் பிரதி ஒன்று சோவியத் நாட்டில் தங்கிற்று. அதைக்கொண்டே இன்று நாம் பார்க்கும் பகுதி மீட்கப்பட்டது. 175ஆம் பிரிவு 1994இல் முற்றும் நீங்கியது. திரையில் ஒரு கை அடித்ததை நாடு அடிக்க 75 ஆண்டுகள் ஆயின!

நண்பர்களே, நமக்கு இது அயலார் கதையா? 1998இல், நாம் பயிலும் இத்தில்லியில், இரு பெண்களின் அன்பைக் கூறிய 'ஃபயர்' படத்திற்காக ரீகல் கொட்டகை தாக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1860இல் விதித்த 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து, மனமொத்த தன்பாலினரை நம் உச்சநீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6ஆம் நாள்தான். நம் தமிழ்ப் படங்களோ, பெண்சாயல் கொண்ட ஆடவரையும் திருநங்கையரையும் நெடுங்காலம் நகைப்புக்கே பயன்படுத்தின. 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஒரு திருநங்கை, தன் சிறுவனுக்குப் பெற்றோராக வந்து நின்றபோது நான் இருந்த கொட்டகையில் சிரிப்பு அடங்கிற்று. அப்படத்தைக் குறை கூறினாரும் உண்டு. ஆயினும் அந்த அமைதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தீ வைத்தவர்களும் மாணவர்கள். ஹிர்ஷ்பெல்டின் விரிவுரைகளைக் கேட்க வந்தவர்களிலும் மாணவர்கள் இருந்தனர். பிறரை எள்ளித் திரை நகையாடும்போது உடன் சிரிப்பதா, இது தகுமா என்று கேட்பதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நம் விடுதி அறையிலும் நம் சங்கக் கூட்டத்திலும், தன் இயல்பைச் சொல்ல அஞ்சி வாய்மூடி இருக்கும் தோழர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் நம் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.